கூப்பிடு தூரம்

ஒரு பெண்ணுக்கு வீடு என்பது எது? நான்கு சுவரும் ஓட்டுக் கூரையும் கதவும் பூட்டும் இருந்தால் அது வீடாகிவிடுமா? போரினால் வீடிழந்து, ஊர் ஊராய் அலைந்து, மீண்டும் ஒரு வீட்டைக் கட்டியெழுப்பிய சகோதரிகள் இந்தக் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். "வீடு கிடைச்சிட்டுது, ஆனா இருக்க மனம் வரேல்லை" என்ற பேச்சை என் பணியில் எத்தனையோ பெண்களிடம் கேட்டிருக்கிறேன். அதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது கொழும்பின் பழைய குடியிருப்புகளில் ஒன்றான கொட்டாஞ்சேனையில் நடந்து திரிந்த நாட்களில்தான்.

நான் பிறந்து வளர்ந்ததும் இன்று வசிப்பதும் வத்தளையில். களனி கங்கைப் பாலத்தைத் தாண்டியதும் வரும் புறநகர். 1983க்குப் பின்னர் பல தமிழ்க் குடும்பங்கள் இப்பக்கம் காணி வாங்கிக் குடியேறின. அவற்றுள் எங்கள் குடும்பமும் ஒன்று. எங்கள் ஒழுங்கையில் பதினெட்டு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஆளுயர மதில், இரும்புக் கேற், கேற்றிலே "நாய் கவனம்" என்ற பலகை. மூன்றாம் வீட்டில் ஒருவர் இறந்துபோனால் வீதியில் வெள்ளைக் கொடி கட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும். வசதியான இடம், அமைதியான இடம். ஆனால் பக்கத்து வீட்டு அம்மாவின் பெயரைக் கேட்டால் எங்களில் பலருக்குச் சொல்லத் தெரியாது.

கொட்டாஞ்சேனை எங்களுக்கு பஸ் யன்னல் வழியே பார்த்துச் செல்லும் இடமாகவே இருந்தது. "நெரிசல், சத்தம், ஒரே முடுக்கு, தனியப் போகாதே" என்று வீட்டில் சொல்வார்கள். இவ்வருடம், வடக்கிலிருந்து வந்து கொழும்பில் வாடகைக்கு இருக்கும் பெண் தலைமைக் குடும்பங்களைச் சந்திக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அவர்களில் பலர் இருந்தது கொட்டாஞ்சேனையில். விலாசங்களைத் தேடி மூன்று சனிக்கிழமைகள் காலை முதல் மாலை வரை நடந்தே திரிந்தேன். அங்கே கண்டவற்றையும் கேட்டவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு நடையில் நூற்றாண்டுகள்

கொட்டாஞ்சேனை கொழும்புத் துறைமுகத்துக்குப் பின்புறமாக, கொழும்பு 13 என்ற தபால் எல்லைக்குள் இருக்கிறது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்தில் தொடங்கி நடந்தால் இலங்கையின் வரலாறே வரிசையாக நிற்பதைக் காணலாம். அந்தோனியார் கோயிலிலிருந்து சில நிமிட நடையில், ஸ்ரீ இராமநாதன் மாவத்தையில், பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயம். 1857ஆம் ஆண்டளவில் பொன்னம்பல முதலியார் கட்டிய ஆலயம் அது. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் அதை முழுவதும் கருங்கல்லால் மீளக் கட்டுவித்தார். வெயிலில் நடந்துவந்து அந்தக் கல் மண்டபத்துக்குள் நுழையும்போது கால் குளிர்ந்துவிடும்.

மேட்டின்மேல் வுல்வெண்டால் தேவாலயம் நிற்கிறது. ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தது. அந்தப் பெயருக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். இலங்கையில் ஓநாய் கிடையாது. இங்கே திரிந்த நரிகளை வெளிநாட்டார் ஓநாய் என்று எண்ணிவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. இன்றைய சனநெரிசலைப் பார்க்கும் ஒருவருக்கு இங்கே நரி ஊளையிட்டது என்றால் நம்பமுடியாது.

அப்பால் புனித லூசியாள் பேராலயத்தின் பெரிய குவிமாடம். அதன் அயலில் பொன்ஜீன் வீதி. இந்தப் பெயர் யாழ்ப்பாணத்தவர்களுக்கும் சொந்தமானது. 1868 முதல் யாழ்ப்பாணத்தில் ஆயராக இருந்த பொன்ஜீன் ஆண்டகை 1883இல் கொழும்புக்கு மாற்றப்பட்டு, 1886இல் கொழும்பின் முதலாவது பேராயரானார். அதே அயலிலே தீபதுத்தமாராம விகாரை. 1885ஆம் ஆண்டு வெசாக் தினத்தில் பௌத்த கொடி முதன்முதலாக ஏற்றப்பட்ட இடம் அது. இடையிடையே பள்ளிவாசல்களின் பாங்கோசையும் கேட்கும்.

இவையெல்லாம் சுற்றுலாப் பயணிகளின் கையேடுகளிலும் இருக்கும். நான் பார்த்தது இவற்றின் வாசல்களில் நின்ற பெண்களை. நெற்றியில் திருநீறோடு அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றும் அம்மா, கோயில் வாசலில் பூமாலை கட்டி விற்கும் பாட்டி, தேவாலய மதிலோரம் பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்துக்கு விலை பேசும் முஸ்லிம் சகோதரி. ஒரு மணித்தியால நடைக்குள் வழிபாடு, பாடசாலை, சந்தை, மருந்துக்கடை, தையற்கடை, அடைவுகடை எல்லாம் வந்துவிடுகின்றன. முச்சக்கரவண்டிக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்க வழியில்லாத ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தெருவுக்குக் கண்கள் உண்டு

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி அறிந்தேன். அவர் நகரத் திட்டமிடலில் பட்டம் பெற்றவரல்லர். நியூயோர்க் நகரின் பழைய பகுதியொன்றில் குடியிருந்த, மூன்று பிள்ளைகளின் தாய். பழைய தெருக்களை இடித்துவிட்டுப் பெருவீதியும் அடுக்குமாடியும் கட்ட வந்த பொறியியலாளர்களோடு வாதாடியவர். அமெரிக்கப் பெருநகரங்களின் இறப்பையும் வாழ்வையும் பற்றி 1961இல் அவர் எழுதிய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. ஒரு தெருவைப் பாதுகாப்பது பொலிஸார் மட்டுமல்லர், அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள்தான் என்பது அவருடைய கருத்தின் சாரம். கடைக்காரர், யன்னலில் நிற்கும் மூதாட்டி, படியில் அமர்ந்திருக்கும் தாய் ஆகிய எல்லோரும் தமக்குத் தெரியாமலே தெருவின் காவலர்களாகிறார்கள்.

முதற் சனிக்கிழமையே இதை நேரில் கண்டேன். ஜம்பட்டா வீதியிலிருந்து ஒரு முடுக்குக்குள் திரும்பிப் பத்தடி வைக்கவில்லை, "யாரைத் தேடுறீங்க மிஸ்?" என்று ஒரு குரல். அடுத்த வாசலில் இன்னொரு குரல் சிங்களத்தில் அதையே கேட்டது. நான் பெயர் சொன்னதும் ஒரு சிறுமி என்னை வழிநடத்தி வீட்டு வாசலில் விட்டாள். அந்த வீட்டுக்காரி உள்ளே இருக்கவில்லை. ஆனால் அவள் எங்கே போயிருக்கிறாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள், திறப்பு யாரிடம் இருக்கிறது என்பது மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வத்தளை ஒழுங்கையில் ஒருவர் வந்து என்னைத் தேடினால் நாய்தான் பதில் சொல்லும்.

"கத்தினால் கேட்க ஆள் வேணும்"

நான் தேடிப்போனவர்களில் ஒருவர் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த அக்கா. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கணவர் 2009இல் ஷெல் பட்டு இறந்தார். முகாமில் இருந்து, பிறகு மீள்குடியேறி, இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாவோடு தானும் கடன்பட்டு, மண் சுமந்து, 2014இல் ஒரு வீட்டைக் கட்டி முடித்தார். இன்று அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. மகளோடு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அறையில் இருக்கிறார். விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். மகள் புடவைக்கடையில் வேலை செய்கிறாள்.

"சொந்த வீட்டை விட்டிட்டு ஏன் அக்கா இந்த நெருக்கடிக்குள்ள?" என்று கேட்டேன்.

"வீடு நல்ல வீடு பிள்ளை. அரை ஏக்கர் காணி, கிணறு எல்லாம் இருக்கு. ஆனா அடுத்த வீட்டு லைற் தெரியாது. போறதுக்கு முந்தி சுத்திவர இருந்த சனமெல்லாம் இப்ப கனடாவிலையும் சவக்காலையிலையும். ஒரு நாள் ராத்திரி ஆரோ வந்து கதவைத் தட்டினாங்கள். விடியும்வரைக்கும் நானும் பிள்ளையும் அலவாங்கைப் பிடிச்சுக்கொண்டு இருந்தம். கத்தினால் கேட்க ஆள் வேணும் பிள்ளை. இஞ்ச சுவருக்கு அங்கால இருமினாலும் கேக்கும்."

கூப்பிடு தூரம் என்று நம் ஊரில் ஒரு சொல் உண்டு. தூரத்தைக் கட்டையாலும் மைலாலும் அளப்பதற்கு முன்பு குரலால் அளந்தவர்கள் நம் முன்னோர். அந்த அக்கா இழந்தது அந்தத் தூரத்தை. வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்குப் பணம் கிடைத்தது, அத்திவாரத்துக்கு ஒரு தவணை, கூரைக்கு ஒரு தவணை என்று. அயலுக்கு எந்தத் தவணையிலும் பணம் வருவதில்லை.

கொட்டாஞ்சேனையில் அவருக்கு அயல் எப்படிக் கிடைத்தது என்பதையும் கேட்டறிந்தேன். முதல் மாதம் யாரும் பேசவில்லையாம். அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்ணுக்குச் சுகமில்லாத நாளில் அவருடைய பிள்ளைகளுக்கு இடியப்பமும் சொதியும் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு அந்தப் பெண் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிச்சென்று சிங்களத்தில் கதைத்து உதவியிருக்கிறார். பிறகு பத்துப் பெண்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டில் இவரையும் சேர்த்தார்கள். முதற் சீட்டுப் பணத்தில் வாங்கியதுதான் இன்றைய பெரிய இடியப்பச் சட்டியும் தட்டுகளும். வங்கியும் நுண்கடன் நிறுவனமும் பிணை கேட்டபோது, அந்த முடுக்கிலுள்ள பெண்கள் அவருடைய முகத்தையே பிணையாக ஏற்றுக்கொண்டார்கள்.

2020 ஒக்டோபரில் கொரோனாவுக்காகக் கொட்டாஞ்சேனையும் அயற்பகுதிகளும் வாரக்கணக்கில் மூடப்பட்டன. 2022இல் எரிவாயு இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. அந்த இரு காலங்களிலும் இங்கே ஒரு அடுப்பில் மூன்று வீட்டுச் சோறு வெந்தது என்று சொன்னார்கள். அதே நாட்களில் எங்கள் ஒழுங்கையில் பதினெட்டு வீடும் பதினெட்டுத் தீவுகளாக இருந்தன.

இந்தத் தெருவுக்கும் காயம் உண்டு

நெருங்கி வாழ்ந்தால் எல்லாம் நன்மையே என்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று இதே கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலமொன்றைத் தொடர்ந்து பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலகம் மூண்டது. சரியாக நூறு ஆண்டுகளின் பின் 1983 ஆடிக் கலவரம். அந்நாளில் இளம் மனைவியாக இருந்த ஒரு தமிழ் அம்மா சொன்னார்: "பக்கத்து வீட்டு சிங்களவங்க எங்கள மூணு நாள் மேல் மாடியில ஒளிச்சு வச்சிருந்தாங்க. எதிர் வீட்டுக்காரங்க யன்னல சாத்திக்கிட்டாங்க. ரெண்டையும் நான் மறக்கல." இன்றும் அவர் அதே தெருவில்தான் இருக்கிறார். எதிர் வீட்டோடும் பேசுகிறார்.

வடக்கிலிருந்து வந்தவர்களுக்குக் கொட்டாஞ்சேனை என்றதும் லொட்ஜ் அறைகள் நினைவுக்கு வரும். வெளிநாட்டு விசாவுக்கும் வைத்தியத்துக்கும் வந்து மாதக்கணக்கில் காத்திருந்த அறைகள். பொலிஸ் பதிவுத் துண்டைத் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுத்த இரவுகள். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பின் லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கிற்கும் கிழக்கிற்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் 85 பேர் பெண்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, பின்னர் அரசாங்கமும் வருத்தம் தெரிவித்தது. ஆனால் அரை மணி நேரத்தில் பெட்டி கட்டச் சொன்ன அந்தக் குரல் சிலருடைய காதில் இன்னும் இருக்கிறது. அன்று தன் லொட்ஜிலிருந்து ஏற்றப்பட்ட ஒரு பெண்ணின் நகைப் பையைக் கீழ்க்கடைக்காரப் பெண் இரண்டு வாரம் பாதுகாத்து, திரும்பி வந்தபோது எண்ணிக் கொடுத்தாராம். சட்டம் தடுமாறிய நேரத்தில் ஒரு கடைக்காரி நேர்மையாக இருந்தார்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. அன்று நாட்டின் பல இடங்களிலும் நடந்த குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதலில் தாக்கப்பட்ட இடங்களில் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயமும் ஒன்று. அதன் பிறகு சில மாதங்கள் முக்காடு போட்ட பெண்களைக் கண்டு தெரு ஒதுங்கியது என்று ஒரு முஸ்லிம் சகோதரி கண்கலங்கச் சொன்னார். "பொறவு தையல் தைக்கக் குடுக்க மொதல்ல வந்தது தம்பிய அந்தக் கோயில்ல பறிகுடுத்த அக்காதான்" என்றும் அவரே சொன்னார்.

நெருக்கத்தின் விலை

அன்றாட வாழ்விலும் இந்த நெருக்கம் இலவசமாக வருவதில்லை. மழை பெய்தால் கான் நிரம்பி வாசலுக்கு வருகிறது. சில தோட்டங்களில் பல வீடுகளுக்கு ஒரே மலசலகூடம், காலையில் வயதுவந்த பெண் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. பாதுகாக்கும் அதே கண்கள் விசாரணையும் செய்கின்றன. கணவனை இழந்த இளம் பெண் ஒருவர் வேலை முடிந்து பிந்தி வந்தால் "யாரோட வந்தாள்?" என்ற கேள்வியும் உடனே பிறக்கிறது. குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் சத்தம் பத்து வீட்டுக்குக் கேட்டும், "அது அவங்க குடும்ப விசயம்" என்று ஒன்பது வீடு பேசாமல் இருப்பதும் உண்டு. கண் இருந்தால் மட்டும் போதாது, வாயும் திறக்க வேண்டும்.

இந்த வசதியீனங்களைக் காரணம் காட்டி, 2010க்குப் பின்னர் கொழும்பின் பல பழைய தோட்டங்களில் வசித்தோர் உயர்ந்த அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். தண்ணீரும் மலசலகூடமும் வீட்டுக்குள்ளேயே கிடைத்தன. அது பெரிய நன்மை. ஆனால் அப்படி மாறிப்போன பெண்ணொருவர் பழைய தெருவுக்கே வந்து அப்பம் சுட்டு விற்பதைக் கண்டேன். "எட்டாம் மாடியில அடுப்பு வச்சா யாரு மிஸ் ஏறி வந்து வாங்குவாங்க?" என்றார். வாசல் போனதோடு அவருடைய வியாபாரமும் போயிருந்தது. ஒரு பெண்ணின் வாசற்படி அவளுடைய வாழ்வாதாரமும் கூட என்பதைத் திட்டம் போடுபவர்கள் கேட்டறிய வேண்டும்.

நம் ஒழுங்கைகளில் என்ன செய்யலாம்?

அன்புச் சகோதரிகளே, இதை வாசிக்கும் உங்களில் பலர் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வாகரையிலோ மூதூரிலோ தனித்தனிக் காணிகளில் வாழ்கிறீர்கள். கொட்டாஞ்சேனையை அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் அந்தப் பெண்கள் அயலை உருவாக்கிய வழிகளுக்குப் பெரிய செலவில்லை.

முதலாவது, திறப்பு. உங்கள் வீட்டின் மறு திறப்பை நம்பிக்கையான ஓர் அயற்பெண்ணிடம் கொடுத்து வையுங்கள், அவருடையதை நீங்கள் வாங்கி வையுங்கள். வெளியூர் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, ஓர் அடையாளம். இரவில் ஆபத்தென்றால் விசில் ஊதுவதா, தட்டில் தட்டுவதா, எந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுப்பது என்பதை ஐந்தாறு வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, சிறு சீட்டு. பத்துப் பேர், மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபா என்றால் ஒவ்வொரு மாதமும் ஒருவர் கையில் வட்டியில்லாத பத்தாயிரம். ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள் மட்டும் சேருங்கள். கொப்பியில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். வாராவாரம் வாசலுக்கு வரும் கடன்காரரிடமிருந்து தப்ப இதுவும் ஒரு வழி.

நான்காவது, வெளிச்சம். ஒழுங்கைக்கு மின்விளக்கு வேண்டுமென்று மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகப் பிரதேச சபைக்கு எழுதுங்கள். ஒருவர் எழுதினால் அது கடிதம். இருபது பேர் கையொப்பமிட்டால் அது கோரிக்கை.

ஐந்தாவது, அடிக்கும் சத்தம் கேட்டால் யன்னலைச் சாத்தாதீர்கள். பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவுக்கோ 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுமை என்றால் 1929.

மூன்றாம் சனிக்கிழமை, இடியப்ப அக்காவிடம் ஊருக்குத் திரும்பும் எண்ணம் உண்டா என்று கேட்டேன். "பக்கத்துக் காணிகளுக்கு ரெண்டு குடும்பம் வந்தால் நாளைக்கே போவன்" என்றார். அவர் கேட்பது இன்னொரு வீட்டுத்திட்டத்தை அன்று, இரண்டு விளக்குகளின் வெளிச்சத்தை. உங்கள் ஊரிலும் இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இருக்கும். அவற்றின் சொந்தக்காரிகளுக்கு ஒரு தொலைபேசி எடுத்து, "நாங்கள் இருக்கிறம், வாருங்கோ" என்று சொல்லுங்கள். வீடுகளை எப்பாடுபட்டோ கட்டிவிட்டோம். இனி அயலைக் கட்டுவோம்.